செம்பாறைப் பாலையில் வண்டித்தடம்: எங்கே என்ற கேள்வியும் எத்தனை என்ற கேள்வியும்

பொது நிலத்தில், வழிகாட்டி யாரும் உடன் வராமல், ஒருவர் தம் வண்டியை எதுவரை ஓட்டிச் செல்லலாம்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றி இந்தக் கேள்வி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. ஊரின் மக்கள்தொகை ஐயாயிரத்தைச் சற்றே தாண்டும். ஆண்டு மழை ஏறக்குறைய 230 மி.மீ. இரும்பு ஆக்சைடு ஏறிச் சிவந்த மணற்பாறைகள், செங்குத்தான பள்ளத்தாக்குகள், இயற்கையாக அமைந்த கல் வளைவுகள் ஆகியவற்றைப் பார்க்க உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் ஜீப்பையோ, ஏடிவி எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டியையோ, இருவர் அருகருகே உட்காரும் யுடிவியையோ சொந்தமாகக் கொண்டுவந்தோ வாடகைக்கு எடுத்தோ தாமே ஓட்டிப் பாறைமேடுகளில் ஏறுகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு வழக்கறிஞர்கள், மண் ஆய்வாளர்கள், கவுண்டி எனப்படும் மாவட்ட அமைப்பின் நிர்வாகிகள், எழுத்தாளர்கள், பழங்குடித் தலைவர்கள் எனப் பல தரப்பினர் விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து கிளம்பின, எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யுரேனியம் போட்ட பாதை

இன்று பொழுதுபோக்குக்குப் பயன்படும் தடங்களில் பல, பொழுதுபோக்குக்காகப் போடப்பட்டவை அல்ல. 1952இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாபுக்குத் தெற்கே மி விடா என்ற இடத்தில் செழிப்பான யுரேனியப் படிவைக் கண்டுபிடித்தார். பனிப்போர்க் காலம் அது. அணுசக்தி ஆணையம் தாதுவுக்கு விலை உறுதி அளித்தது, பாதை போடவும் பணம் கொடுத்தது. தாது தேடியவர்கள் புல்டோசரை வைத்து மேட்டுநிலமெங்கும் தடம் கீறினார்கள். இன்று கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் 160 கி.மீ. நீளத்துக்கு ஓடும் ஒயிட் ரிம் பாதையும் அப்படிப் பிறந்ததுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ராணுவ ஜீப்புகள் அந்தத் தடங்களில் ஏறின. 1967இல் மோவாப் வணிகச் சங்கம் ஈஸ்டர் வாரத்தையொட்டி ஜீப் சஃபாரியைத் தொடங்கியது; அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சைக்கிள் ஓட்டிகளிடையே உலகப்புகழ் பெற்ற ஸ்லிக்ராக் தடமும் 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்டதே. 1984இல் ஊரின் யுரேனிய ஆலை மூடப்பட்டபோது சுற்றுலாதான் பிழைப்புக்குக் கைகொடுத்தது.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘இயற்கை நிலத்தில் வண்டி நுழைந்தது’ என்று ஒரு தரப்பும், ‘எங்கள் பழைய பாதையைப் பறிக்கிறார்கள்’ என்று மறுதரப்பும் சொல்கின்றன. இரண்டுமே பாதி உண்மை. பாதை பழையதுதான், ஆனால் அதன் வயது பெரும்பாலும் இரண்டு மூன்று தலைமுறைதான். அதைப் போட்டதும் உள்ளூர் மக்கள் மட்டுமல்ல, அவர்கள் குறைசொல்லும் அதே கூட்டாட்சி அரசின் பணமும்தான்.

பாதை எங்களுடையது என்னும் வாதம்

யூட்டாவின் நிலப்பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். 1866ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில், ஒதுக்கப்படாத பொது நிலத்தின் வழியே நெடுஞ்சாலை அமைக்க வழியுரிமை தரும் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 1976ஆம் ஆண்டின் நிலக்கொள்கைச் சட்டம் அதை நீக்கியது. ஆனால் அதுவரை உண்டாகியிருந்த உரிமைகளை விட்டுவைத்தது. எது அப்படி உண்டான உரிமை என்பதற்குப் பட்டியல் எதுவும் இல்லை. சண்டையின் பெரும்பகுதி இந்த ஒரு விடுபடலிலிருந்து கிளம்பியது.

கூட்டாட்சி அரசின் நில ஆதிக்கத்தை எதிர்த்து 1979இல் நெவாடாவில் தொடங்கிய ‘சேஜ்பிரஷ் கிளர்ச்சி’ யூட்டாவுக்கும் பரவியது. 1980 ஜூலை 4 அன்று மோவாபில் கவுண்டி நிர்வாகமே புல்டோசரைக் கொண்டுவந்து, வனாந்தரத் தகுதிக்காக ஆய்வில் இருந்த நிலத்தை நோக்கிப் பாதை கீறியது. பின்னாளில் போராட்டம் நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. 12,000க்கும் மேற்பட்ட பாதைகள் தங்களுடையவை என்று மாநிலமும் கவுண்டிகளும் வழக்குத் தொடுத்திருக்கின்றன. யூட்டா சட்டப்படி, 1976க்கு முன்பு, அல்லது நிலம் அதற்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தால் ஒதுக்கீட்டுக்கு முன்பு, பத்து ஆண்டுகள் தொடர்ந்து பொதுமக்கள் பயன்படுத்தியதை மெய்ப்பிக்க வேண்டும். கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் சால்ட் கிரீக் பள்ளத்தாக்கு வழக்கில் அது முடியவில்லை. பூங்கா 1964இல் உருவானதால் அதற்கு முந்தைய பத்தாண்டுப் பயன்பாட்டைக் காட்ட வேண்டியிருந்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்த வாதத்தில் வலுவான பகுதி ஒன்று இருக்கிறது. நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோருக்கு அந்த நிலத்தின் உட்புறத்தைக் காட்டுவது வண்டி மட்டுமே. வனாந்தரம் திடகாத்திரமானவர்களுக்கு மட்டும் என்றால் அது பொது நிலமா என்ற கேள்வியைச் சுலபமாகத் தள்ள முடியாது. வலுவற்ற பகுதி, பாதைக்கான உரிமையிலிருந்து பாதைக்கு வெளியே போகும் சுதந்திரத்துக்கு அது சத்தமில்லாமல் தாவிவிடுவது. 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வாக்கியம் போக்குவரத்துக்கானது. ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் தேவை இல்லாமல் ஏறியிறங்கும் இன்பத்துக்காக ஓட்டும் வழக்கத்தை அந்தச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை.

இயந்திரமே வேண்டாம் என்னும் வாதம்

எதிர்முனையில் நிற்பவர்களின் பரம்பரை இன்னும் பழையது. 1935இல் வனாந்தரக் கழகம் தோன்றியதற்கே, காடுகளுக்குள் பெருகிய கார்ப்பாதைகள் மீதான அச்சம் முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் அந்த அச்சத்தைச் சட்டமாக்கியது: வனாந்தரம் என அறிவிக்கப்பட்ட நிலத்தில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை.

செம்பாறை நாட்டில் இந்த நிலைப்பாட்டின் குரல் எட்வர்ட் ஆபி. 1956, 1957ஆம் ஆண்டுகளில் மோவாபை அடுத்த ஆர்ச்சஸ் பகுதியில் காவலராக வேலை பார்த்த அனுபவத்திலிருந்து ‘டெசர்ட் சாலிடேர்’ என்ற நூலை 1968இல் வெளியிட்டார். தேசியப் பூங்காக்களில் கார்களையே தடைசெய்ய வேண்டும் என்பது அதில் அவர் வைத்த கோரிக்கை. வண்டியில் உட்கார்ந்தபடி பார்ப்பவர் அந்த நிலத்தை உண்மையில் பார்ப்பதே இல்லை என்பது அவர் கருத்து.

இந்த வாதத்துக்கு அறநெறி அழுத்தம் உண்டு. நடைமுறைத் தெளிவு குறைவு. அங்கே தூரங்கள் பெரியவை, தண்ணீர் இல்லை. 1975இல் ஆபி எழுதிய ‘தி மங்கி ரெஞ்ச் கேங்’ நாவலின் நாயகர்களே பாலையை ஜீப்பில்தான் சுற்றுகிறார்கள். காலடிக்குத் தீங்கே இல்லை என்று இத்தரப்பு எளிதாக எடுத்துக்கொள்வதும் சோதிக்க வேண்டிய ஒன்று. கேன்யன்லேண்ட்ஸில் பாலைப் பெருங்கொம்புச் செம்மறிகளைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வு, ஆடுகள் மிகுதியாக மிரண்டோடியது நடப்பவர்களைக் கண்டுதான் என்று சொன்னது: நடப்பவர்களைச் சந்தித்தபோது 61 விழுக்காடு, வண்டிகளைச் சந்தித்தபோது 17 விழுக்காடு. வண்டி ஒரே தடத்தில் வருகிறது, ஆடுகள் அதற்குப் பழகிவிடுகின்றன. நடப்பவர் எங்கிருந்து வருவார் என்று தெரியாது, ஆட்டை நெருங்கவும் செய்வார். வண்டி தடத்தைவிட்டு விலகாத வரையில்தான் இந்த முடிவு பொருந்தும் என்பதையும் உடனே சேர்க்க வேண்டும்.

மண்ணிலிருந்து கிடைக்கும் சான்றுகள்

இரு தரப்பும் துணைக்கு அழைப்பது மண் ஆய்வைத்தான். அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொலராடோ மேட்டுநிலத்தில் செடிகளுக்கு இடைப்பட்ட மண் வெறும் மண் அல்ல. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை சேர்ந்து மேற்பரப்பில் ஓர் உயிர்ப்படலமாகப் படர்ந்திருக்கின்றன. மைக்ரோகோலியஸ் போன்ற சயனோபாக்டீரியா ஈரம் பட்டதும் மணலுக்குள் ஊர்ந்து, பின்னால் பசைமிக்க இழைகளை விட்டுச் செல்கிறது. அந்த இழைகள்தான் மணல்துகள்களைக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துவைக்கின்றன. லைக்கன்களில் சில காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. முதிர்ந்த படலம் கறுத்து மேடுபள்ளமாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது கருகிய மண் போலத்தான் படும். இந்தப் படலத்தைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி, மோவாபில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜேன் பெல்னாப்பும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையிலுள்ள அவருடைய சகாக்களும் திரட்டியது.

காய்ந்த நிலையில் ஒரு டயர் ஏறினால் இழைகள் நொறுங்கும். சயனோபாக்டீரியா சில ஆண்டுகளில் திரும்பலாம். லைக்கனும் பாசியும் திரும்பப் பல பத்தாண்டுகள், வறண்ட இடங்களில் அதற்கு மிகவும் கூடுதலாகவும் ஆகலாம். மதிப்பீடுகள் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகின்றன. மண் இறுக்கம் இன்னொரு கேடு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலையில் 1942இல் தளபதி பேட்டனின் படை பயிற்சி எடுத்தபோது பதிந்த டாங்கித் தடங்கள் இன்றும் தெரிகின்றன.

அடுத்து, தூசி. மேட்டுநிலத்திலிருந்து கிளம்பும் செந்தூசி கொலராடோ மலைகளின் பனிமேல் படிகிறது. நிறம் மங்கிய பனி வெயிலைக் கூடுதலாக உள்வாங்கி முன்கூட்டியே உருகுகிறது. இதனால் கொலராடோ ஆற்றின் உச்ச வெள்ளம் சராசரியாக மூன்று வாரம் முந்திவிட்டதாகவும், மேல்படுகையின் நீரோட்டம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்ததாகவும் 2010இல் தாமஸ் பெயின்ட்டரும் சகாக்களும் கணித்தார்கள். ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் நம்பியிருக்கும் ஆற்றில் இது சிறு இழப்பு அல்ல.

ஆனால் இங்கே நிதானம் தேவை. அந்தத் தூசி பெருகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கால்நடை மேய்ச்சலும் உழவும் வந்தபோது. பொழுதுபோக்கு வண்டிகளின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம். அதைவிடச் சங்கடமான சான்று 2022இல் வந்தது. கேன்யன்லேண்ட்ஸில் மனிதத் தொந்தரவு அதிகம் இல்லாத ஒரு புல்வெளியிலேயே, நைட்ரஜன் சேர்க்கும் லைக்கன் பரப்பு 1967க்கும் 2019க்கும் இடையில் ஏறக்குறைய 19 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சரிந்திருந்தது. வெப்பம் ஏறுவதே காரணமாகத் தோன்றுகிறது. வண்டியே வராவிட்டாலும் படலம் மெலியும் என்றால் தடை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த முடிவு தவறு என்றே கருதுகிறேன். தன்னால் மீளும் திறன் குறைந்துவரும் மண்ணுக்குக் கூடுதல் அடி விழுவது முன்பைவிட ஆபத்தானது.

வண்டி ஓட்டுபவர்கள் வைக்கும் ஒரு மறுப்பும் நியாயமானது. ஹெல்ஸ் ரிவெஞ்ச், ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் போன்ற புகழ்பெற்ற தடங்கள் பெரும்பாலும் மொட்டைப் பாறைமேல் ஓடுகின்றன. அங்கே படலம் இல்லை. டயர் விடுவது கறுப்பு ரப்பர் கோடு மட்டுமே. ஆனால் பாறைக்கும் பாறைக்கும் இடையே மணல் இருக்கிறது. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும்போது மட்டும் பிறந்து முட்டையிடும் இறால் வகைகள் இருக்கின்றன. கடினமான படியைக் கண்டு தயங்கியவர் சுற்றிப் போனால் ஒரு தடம் இரண்டாகும். அடுத்த பருவத்தில் மூன்றாகும். சேதத்தின் பெரும்பகுதி முரடர்களால் அல்ல, பயந்தவர்களால் நேர்கிறது என்பதை இந்த விவாதம் போதிய அளவு கவனிக்கவில்லை.

அரசின் நடுவழி

1972இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த 11644ஆம் ஆணையும் 1977இல் அதிபர் கார்ட்டர் அதைக் கடுமையாக்கியதும்தான் இன்றைய ஏற்பாட்டுக்கு அடிப்படை. பொது நிலம் மூன்றாக வகுக்கப்படும்: எங்கும் ஓட்டலாம், குறித்த தடத்தில் மட்டும் ஓட்டலாம், ஓட்டவே கூடாது. தடம் குறிக்கும்போது மண், விலங்கு, பிற பயனாளிகள் ஆகிய மூன்றுக்கும் கேடு குறைவாக இருக்கும்படி பார்க்க வேண்டும். கொள்கையளவில் இதைவிடப் பொருத்தமான விடை இதுவரை வரவில்லை.

செயலில்தான் இடறுகிறது. மோவாப் பகுதியில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் பெரும்பரப்பைக் குறித்த தடத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது 2008இல். ஆணை வந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு. இடையில் 2004இல் உச்ச நீதிமன்றம், வனாந்தர ஆய்வு நிலத்தில் பணியகம் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்ற பொதுக் குறையை வைத்து நீதிமன்றம் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டுத் திட்டங்களை எதிர்த்த வழக்கு 2017இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி தடத் திட்டங்களை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் லாபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதிக்கான திட்டம் ஏறக்குறைய 510 கி.மீ. தடங்களை மூடியது, ஆயிரம் கி.மீ.க்கு மேல் திறந்தே வைத்தது. மாநில அரசும் வண்டி ஓட்டிகளின் அமைப்புகளும் உடனே எதிர்த்துக் கிளம்பின.

ஒவ்வொரு திட்டமும் பத்தாண்டு எடுக்கிறது. ஒவ்வொரு வண்டியும் அதற்குள் மாறிவிடுகிறது. 1970இல் ஹோண்டா மூன்று சக்கர ஏடிசியை விற்றது. விபத்துகள் பெருகியதால் 1988இல் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. பின்னர் அதைவிட அகலமும் வேகமும் கூடிய யுடிவிகள் வரத் தொடங்கின. 2007இல் அறிமுகமான போலாரிஸ் ஆர்இசட்ஆர் அந்தச் சந்தையையே மாற்றியது. வரைபடம் வகுத்தவர்கள் மனத்தில் இருந்த வண்டி வேறு, இன்று அந்தத் தடத்தில் ஏறும் வண்டி வேறு.

ஓட்டுபவரை நம்பலாமா

சட்டத்தால் ஆகாததைப் பழக்கத்தால் செய்யலாம் என்பது நான்காவது விடை. 1985இல் அமெரிக்க வனத்துறை ‘ட்ரெட் லைட்லி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 1990இல் அது லாப நோக்கற்ற அமைப்பாயிற்று. தடத்தைவிட்டு விலகாதே, டயரில் காற்றைக் குறைத்துப் பிடிமானத்தைக் கூட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு மண்ணைக் கிளறாதே, எதிரே வருபவருக்கு வழிவிடு என்பன போன்ற பாடங்கள் பயனுள்ளவை. 2023 ஜனவரியிலிருந்து யூட்டாவில் பொது நிலத்தில் ஏடிவி, யுடிவி போன்ற வண்டியை ஓட்டும் பெரியவர்களும் பயிற்சிப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

வழிகாட்டியுடன் போகும் சுற்றுலாவுக்கும் தானே ஓட்டிப் போவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. வணிகச் சுற்றுலா நடத்துபவரும் ஜீப் சஃபாரி போன்ற பெருநிகழ்ச்சி நடத்துபவரும் பணியகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நிபந்தனை மீறினால் அனுமதி போகும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. தனியாக வருபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாறைமேல் வரைந்த வெள்ளைக் குறியும் கைப்பேசி வரைபடமும்தான் அவருக்கு வழித்துணை. பெரும்பாலோர் விதிப்படிதான் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், சில டயர்த் தடங்கள் போதும், அடுத்து வருபவர் அதையே பாதை என்று நம்பிப் பின்தொடர. கற்பித்தல் தேவை, அது மட்டும் போதும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

ஓசை

2008இல் யூட்டா சட்டம் ஏடிவி, யுடிவி வண்டிகளைத் தெருவிலும் ஓட அனுமதித்த பிறகு, மோவாப் மக்களில் பலருக்கு வண்டி ஓசை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2021இல் நகரமும் கவுண்டியும் ஓசைக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவந்தன. மண்ணைப் பற்றிய விவாதத்தைவிட இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சுற்றுலாவால் பிழைக்கும் ஊரே அதன் அளவைக் கேள்வி கேட்கத் தொடங்கியது இதனால்தான்.

முன்பே இருந்தவர்கள்

இதுவரை சொன்ன எல்லா விடைகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: நிலத்தின் கதையைக் குடியேறியவர்களிடமிருந்து தொடங்குகின்றன. யூட், நவாஹோ, ஹோப்பி, சூனி மக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்குகள் முன்னோரின் வீடுகளும் களஞ்சியங்களும் இடுகாடுகளும் இருக்கும் இடம். பிளாண்டிங் என்ற ஊரின் அருகேயுள்ள ரீகேப்ச்சர் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி ஏடிவி தடம் போடப்பட்டு, பண்டைப் புவெப்லோ மக்களின் எச்சங்கள் சேதமடைந்ததால் 2007இல் அது வண்டிகளுக்கு மூடப்பட்டது. அதை எதிர்த்து 2014 மே மாதம் கவுண்டி ஆணையர் ஃபில் லைமன் ஒரு வண்டி ஊர்வலம் நடத்தினார். குற்றத் தீர்ப்பும் பத்து நாள் சிறையும் கிடைத்தன. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு அளித்தார். ஐந்து பழங்குடி அரசுகள் கேட்டு 2016இல் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடம் 2017இல் சுருக்கப்பட்டு, 2021இல் மீண்டும் விரிந்தது. பத்தாண்டுப் பயன்பாடு ஒரு கவுண்டிக்குப் பாதை உரிமை தருமானால், பல நூற்றாண்டு வாழ்வு என்ன உரிமை தரும் என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் இன்னும் தெளிவான இடமில்லை.

இன்னும் தீராதவை

வழியுரிமை வழக்குகள் முடியப் பல ஆண்டுகள் ஆகும். பொழுதுபோக்கு வண்டிகள் எழுப்பும் தூசியின் பங்கு அளக்கப்பட வேண்டியிருக்கிறது. சூடேறும் பாலையில் உயிர்ப்படலத்துக்கு எதிர்காலம் என்ன என்பதும் திறந்த கேள்வியே.

ஆனால் இத்தனை ஆண்டு விவாதத்தில் பெரிதாகக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. எல்லாத் தரப்பும் ‘எங்கே’ என்று சண்டையிட்டன. ‘எத்தனை’ என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு தடம் திறந்திருந்தால், தாமே ஓட்டி வருபவர் நாளொன்றுக்குப் பத்துப் பேரா ஆயிரம் பேரா என்பதற்குப் பணியக நிலத்தில் பொதுவாக வரம்பு இல்லை. பக்கத்துப் பூங்காவில் நிலைமை வேறு. ஒயிட் ரிம் பாதையில் 2015 முதல் பகல் பயணத்துக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். நாளொன்றுக்கு 50 மோட்டார் வண்டிகளுக்குத்தான் சீட்டு. ஏடிவிக்கும் யுடிவிக்கும் அங்கே இடமில்லை. ஜீப் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பாதை மூடப்படவும் இல்லை, பாதை பல கிளையாகப் பிரிந்து விரியவும் இல்லை. பூங்காவுக்கு வாயில் உண்டு, பணியக நிலத்துக்கு நூறு நுழைவழிகள் உண்டு என்ற மறுப்பு உண்மைதான். இருந்தாலும், மிகுதியாக ஓடும் சில தடங்களிலாவது எண்ணிக்கை வரம்பைச் சில பருவங்கள் சோதித்துப் பார்க்காமல், தடத்தை மூடுவதா திறப்பதா என்று மட்டும் வழக்காடிக்கொண்டிருப்பதற்கு இனி நியாயம் இல்லை.